நிற்காத கஸ்டர்ட் சீமாட்டி

கையுறையை லொரெல் பாஸ்கோ பல்லால்தான் கழற்றுவாள். முதலில் சுண்டுவிரல் நுனியைக் கடித்து ஓர் இழுப்பு. அப்புறம் மோதிரவிரல். கடைசிக் குழந்தையும் பள்ளிக்கூட வாசலுக்குள் போன பிறகு, நடைபாதை ஓரத்தில் நின்றபடி விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, உறையை வாயில் கவ்வி, தலையை ஒரு வெட்டு வெட்டி உருவுவாள். வேலிக்கு அப்பால் நிற்கும் தாய்மார்கள் அவளுக்குக் கையில் மூட்டுவலி என்று நினைத்தார்கள். ஒருத்தி தைலம்கூடக் கொண்டுவந்து கொடுத்தாள்.

பிள்ளை கடத்துவதுதான் லொரெலின் தொழில். சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு. சிட்னிக்கு வடக்கே நியூகாசிலில், நிலக்கரிக் கப்பல்கள் வரிசையில் காத்துக்கிடப்பது தெரியும் மேட்டில் அந்தப் பள்ளிக்கூடம். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் மேலங்கி, அகலத் தொப்பி, கையில் நீளக் கம்பு, கம்பின் முனையில் 'நில்' என்று எழுதிய சிவப்பு வட்டம். நிற்காதவர்களைக் கண்ணாடி வழியே விசாரிப்பாள். "என்ன ராசா, பொண்டாட்டிக்குப் பிரசவமா? இல்லேல்ல? அப்ப நில்லு."

ஊரையே நிறுத்துகிற இவளால் ஒரு நிமிடம் நிற்க முடியாது. கார்கள் நின்றதும் கால் தாளம் போடும், இடுப்பு ஒரு பக்கம் ஒடியும், தோள் குலுங்கும். 'நில்' ஆடிக்கொண்டே நிற்கும்.

காலையில் தவறாமல் வரும் வெள்ளிநிறக் கார் மெர்வின் டகெட்டுடையது. மேட்டு உச்சியில் இருக்கும், புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பௌலிங் கிளப்பின் தலைவர். புல்தரைக்குத் தண்ணீர் விடப் போவார். கிளப்பில் அங்குலக் கணக்குப் பார்ப்பவர், இங்கே மட்டும் முன்சக்கரத்தைக் கோட்டுக்கு ஒரு முழம் தாண்டித்தான் நிறுத்துவார். "தலைவரே, கோட்டைத் தாண்டாதீங்க!" என்று லொரெல் கத்துவாள். அவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலை மட்டும் உயர்த்துவார். மன்னிப்பா, வணக்கமா, போடி என்பதா என்று அந்த விரலிடமிருந்து தெரிந்துகொள்ள முடியாது. அவர் அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம் ஒரு மஞ்சள் மேலங்கியும் ஒரு கம்பும்தான்.

காலைக் கடத்தலுக்கும் மாலைக் கடத்தலுக்கும் நடுவில், காருக்குள் உட்கார்ந்து லொரெல் மணி கோப்பாள். உள்கச்சைக்கு ஜிகினா, குஞ்சத்துக்குச் சரிகை. மாதத்தின் முதல் வியாழன் மாலை, அதே கிளப்பின் பின்கூடத்தில் மேடையேறினால் அவள் பெயர் கஸ்டர்ட் சீமாட்டி. கையுறை முழங்கை வரை ஏறிவிடும். கழற்றும் முறை மாறாது.

அந்த வியாழக்கிழமைக் கூட்டத்துக்குப் படம் வரைகிற மாலை என்று பெயர். பர்லெஸ்க் ஆட்டக்காரிகள்தான் மாடல்கள். ஆட்டக்காரி ஆடும்போது கூடம் விசிலடித்து, கூச்சல் போட்டு, மேசையைத் தட்டும். கூட்டத்தை நடத்தும் பிப் மணியை அடித்ததும் ஆட்டக்காரி அப்படியே உறைவாள். கூச்சல் போட்ட அதே ஆட்கள் பரீட்சைப் பிள்ளைகள் மாதிரி தலைகுனிந்து வரைவார்கள். கரித்துண்டு உரசும் சத்தம் மட்டும் கேட்கும். மறுபடி மணி, மறுபடி கூச்சல். மணி கிளப் சமையலறையில் இரவல் வாங்கியது. அது அடிக்கும்போதெல்லாம் முன்கூடத்திலிருந்து யாராவது தான் கேட்ட ஷ்னிட்சல் வறுவல் தயாராகிவிட்டதென்று எழுந்து வந்து, கதவைத் திறந்து, குஞ்சங்களைப் பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுத் திரும்பிப் போவார். சிலர் மன்னிப்புக் கேட்க இரண்டாவது தடவையும் வருவார்கள்.

பர்லெஸ்க் என்றால் உடுப்பைக் களைவது என்று யாராவது சொன்னால் லொரெல் சண்டைக்குப் போவாள். "களையறதுக்கு என்ன கண்ணு, குளியலறையில தெனமும் எல்லாரும்தான் களையறீங்க. எவனாவது கை தட்டினானா? நான் ஒரு கையுறையைக் கழட்டறதுக்குள்ள நீங்க ஒரு பீர் குடிச்சிடுவீங்க. மிச்சமெல்லாம் உங்க மண்டைக்குள்ளதான் நடக்குது. அதுக்கு நான் பொறுப்பில்ல."

வரைபவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர். பல் மருத்துவர் ஒருவர் யாரை வரைந்தாலும் பற்களில் போய் முடிப்பார். சுரங்கப் பொறியாளர் ஒருவர் பதினாறு சாம்பல்நிறப் பென்சில்களைச் சீவி முடிப்பதற்குள் மாலை முடிந்துவிடும். "நான் உருவத்தை வரையறதில்ல, சக்தியை வரையறேன்" என்பார் ஒரு யோகா ஆசிரியை. சக்தி எல்லா மாதமும் உருளைக்கிழங்கு வடிவத்திலேயே வந்தது. ஆனால் லொரெலை வரைந்த எல்லாத் தாள்களிலும் ஒரு விஷயம் பொது: மூன்று கைகள். அவள் உறைந்து நிற்கவேண்டிய நேரத்தில் கையை இடம் மாற்றிவிடுவாள். ஏற்கெனவே வரைந்த கையை அழிக்க யாருக்கும் மனம் வராது.

"லொரெல், நீ மாடலா, காத்தாடியா?" என்பாள் பிப். பகலில் அவள் மருத்துவமனைத் தாதி.

"மூக்கு அரிச்சிச்சு பிப்."

"அரிக்கட்டும். சிலைக்கு மூக்கு அரிச்சா சொறியுதா?"

"சிலை மேல காக்கா உக்காரும். எம்மேல உக்காந்தா வெரட்டுவேன்ல."

பிப்பிடம் ஒரு சட்டம் உண்டு. கையில் பென்சில் இல்லாதவர்கள் கூடத்தில் இருக்கக் கூடாது. சும்மா பார்ப்பது கிடையாது. பார்த்தால் வரைய வேண்டும். கிளப் தலைவர் வந்தாலும் அதே சட்டம்தான் என்று விளையாட்டுக்குச் சொல்லிவைத்திருந்தாள். ஒரு வியாழக்கிழமை தலைவர் வந்தார்.

வந்ததற்குக் காரணம் கார்ப்பெட். ஆபாசம் என்று கமிட்டியில் யாரும் வாய் திறக்கவில்லை. அதைச் சொன்னால் எதைப் பார்த்தாய் என்ற கேள்வி வரும். ஆகையால் கார்ப்பெட் என்றார்கள். பின்கூடத்துக் கார்ப்பெட்டில் ஜிகினாத்தூள் கொட்டுகிறது. வெள்ளைக் கால்சட்டை போட்ட உறுப்பினர்கள் உட்கார்ந்து எழுந்தால் பின்புறம் மின்னுகிறது. பொருளாளர் ஒரு சவ அடக்கத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது பின்னால் வந்த அத்தனை பேரும் மினுமினுப்பைப் பார்த்து அழுகையை விட்டுவிட்டார்கள். தலைவர் நேரில் பார்த்துச் சொல்லட்டும், திங்கட்கிழமை முடிவு செய்யலாம் என்று தீர்மானம்.

கூடம் போனால் கூட்டமும் போய்விடும். லொரெலும் பிப்பும் ஏற்கெனவே ஊரெல்லாம் கேட்டுப் பார்த்திருந்தார்கள். தேவாலயத்து மண்டபத்தில் 'பர்' என்றதுமே போனை வைத்துவிட்டார்கள். ஓவியப் பள்ளியில் உடலரசியல் பற்றி இரண்டு பக்கம் எழுதித்தரச் சொன்னார்கள். ஒரு மதுக்கடைக்காரர் மட்டும் உடனே சரி என்றார்: "ஆட்டம் இருக்கட்டும். அந்தப் பென்சிலெல்லாம் எதுக்கு?"

"பென்சில் இல்லேன்னா நான் வெறும் வேடிக்கைப் பொருள் பிப்" என்று அன்றைக்கு லொரெல் சொன்னாள். சிரிக்காமல் அவள் சொன்ன வாக்கியங்கள் குறைவு. "பென்சில் இருந்தா அவங்க என்னைப் பாக்கவே படாத பாடு படணும். முழங்கை எங்க மடங்குது, கழுத்து எங்க ஆரம்பிக்குதுன்னு. ரோட்டுல ஒருத்தன் பாக்கறானா என்னை?"

தலைவர் வந்த மாலையில் மாடலாக வரவேண்டியவள் மிஸ் லாமிங்டன். அவள் வந்த சிட்னி ரயில் பாதி வழியில் நின்றுபோனது. அவள் போனால் போகிறது. ஜிப் தைக்க அவள் எடுத்துப்போன கஸ்டர்ட் சீமாட்டியின் பட்டு உடுப்பும் அந்த ரயிலில் இருந்தது. அவளுக்குப் பதிலாக ஆட வேண்டிய லொரெல் காரைத் திறந்து பார்த்தாள். மஞ்சள் மேலங்கி இருந்தது. தொப்பி, கம்பு, வெள்ளைக் கையுறை இருந்தன. மாலைக் கடத்தலுக்குப் பிறகு சட்டைக்கு அடியில் ஜிகினா உள்கச்சையைப் போட்டுப் பார்த்தபடியே வந்திருந்தது நல்லதாகப் போயிற்று.

உள்ளே மெர்வின் டகெட் கைகட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பிப் பலகையும் தாளும் நீட்டினாள்.

"நான் வரைய வரலம்மா. கார்ப்பெட்டைப் பாக்க வந்தேன்."

"கார்ப்பெட்டை வரைங்களேன்."

"பென்சில் இல்ல."

"சட்டைப்பையில என்ன தலைவரே அது?"

பந்தில் குறியிடும் சாக்பீஸ். பௌல்ஸ் ஆடுகிறவர் அது இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை; அளவு நாடாவும் அப்படித்தான். வேறு வழியில்லாமல் சாக்பீஸைக் கையில் எடுத்தார். பிப் கறுப்புத்தாள் மாற்றிக் கொடுத்தாள்.

மேடையில் வெளிச்சம் விழுந்தது. மஞ்சள் மேலங்கி மேடையின் ஓரத்திலிருந்து இல்லாத குழந்தைகளைக் கடத்திக்கொண்டு வந்தது. நடுவில் நின்று கம்பை ஓங்கி ஊன்றியது. 'நில்.'

மெர்வினின் வலதுகால் தானாகப் போய் பிரேக்கை மிதித்தது. அங்கே பிரேக் இல்லை. பொறியாளரின் தண்ணீர்க் குவளை இருந்தது. குவளை உருண்டு கார்ப்பெட் நனைந்தது. கூடம் கூரை பிளக்கச் சிரித்தது.

"அந்தப் பொம்பள..." என்றார் மெர்வின், யாரிடமும் அல்லாமல். "அந்த ரோட்டுப் பொம்பள!"

லொரெல் அதைக் கேட்டாள். திங்கட்கிழமை கார்ப்பெட்டோடு தன் பேரும் கமிட்டிக்குப் போகும். ஆனால் ஏற்கெனவே சுண்டுவிரல் நுனி பல்லில் இருந்தது. கையுறை போனது, தொப்பி போனது, மேலங்கியின் ஒட்டுப்பட்டை ஒவ்வோர் அங்குலமாகக் கரகரவென்று பிரிய, ஒவ்வோர் அங்குலத்துக்கும் கூடம் ஊளையிட்டது. ஜிகினா மின்னியது. மணி அடித்தது. லொரெல் உறைந்தாள், அவளால் முடிந்த அளவுக்கு.

மெர்வின் பக்கத்துப் பல் மருத்துவரைப் பார்த்தார். அவர் கையை நீட்டி, கட்டைவிரலை உயர்த்தி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மெர்வினும் அதேபோல் கையை நீட்டினார், கட்டைவிரலை உயர்த்தினார். கண்ணை மூடுவதற்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

"தலைவருக்குப் பிடிச்சிருச்சு டோய்!" என்று பின்வரிசை கத்தியது.

"அளக்கறேன்யா! இவர் அளக்கறாரு, நானும் அளக்கறேன்!"

"நல்லா அளங்க தலைவரே!"

காது வரை சிவந்துபோனவர் வீம்புக்கு நாடாவையே உருவினார். பந்துக்கும் பந்துக்கும் இடையே மயிரிழை வித்தியாசம் வந்தால் புல்தரையில் முழந்தாளிட்டு அளக்கிற மனிதர். அங்கே பழகிய உடம்பு இங்கேயும் எழுந்தது. நாடாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு மேடையை நோக்கி இரண்டடி வைத்தார்.

"தலைவரே," என்றது சிலை, உதடு அசையாமல். "கோட்டைத் தாண்டாதீங்க."

மெர்வின் குனிந்து பார்த்தார். மேடைக்கு முன்னால் கார்ப்பெட்டில் ஒட்டிய வெள்ளைப் பட்டையை ஒரு முழம் தாண்டி அவருடைய ஷூ இருந்தது. காலைப் பின்னுக்கு எடுத்தார். போய் உட்கார்ந்து, நாடாவைத் தூரத்திலிருந்தே பிடித்து, மீதி மாலை முழுவதும் தலை நிமிராமல் வரைந்தார்.

படங்களைத் தரையில் பரப்பினார்கள். மெர்வினுடையது கம்பு பிடித்த ஒரு குளிர்சாதனப் பெட்டி. 'நில்' மட்டும் அச்சடித்த மாதிரி இருந்தது. மாலையின் மிக மோசமான படத்துக்குத் தரும் பரிசான இறைச்சித்தட்டு, போட்டியின்றி அவருக்கே போனது.

"அவரு படத்துலயும் மூணு கை" என்றாள் பிப்.

"மூணு கை இருந்திச்சு" என்றார் மெர்வின், சாசேஜும் சாப்ஸும் அடுக்கிய தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. "நான் அளந்தேன்."

லொரெல் மேலங்கியைப் போர்த்திக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். கால் தாளம் போட்டது. "கார்ப்பெட் என்னாச்சு தலைவரே?"

அவர் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். வரைந்து பழகிய பிறகு பார்ப்பதுபோல, எங்கே ஆரம்பிக்கிறது என்று தேடி.

"நனைஞ்சிருக்கு" என்றார். "திங்கக்கெழம பேசுவோம்."

போகும்போது அவருடைய வெள்ளைக் கால்சட்டையின் பின்புறம் மின்னியது. யாரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வெள்ளிநிறக் கார் வரவில்லை. திங்கட்கிழமையும் வரவில்லை, அவர் கீழ்த்தெரு வழியாகச் சுற்றிப் போனதாக ஒரு தாய் சொன்னாள். லொரெல் கையுறையைக் கையாலேயே கழற்றினாள். "வலி ஜாஸ்தியா?" என்று கேட்டாள் தைலம் கொடுத்தவள்.

செவ்வாய்க்கிழமை கார் மேட்டு வளைவில் திரும்பி வந்தது. லொரெல் சாலை நடுவே போய்க் கம்பை ஊன்றினாள். பிள்ளைகள் கடக்கத் தொடங்கினார்கள். கார் மெதுவாக வந்து, கோட்டுக்கு ஒரு முழம் முன்னதாகவே நின்றது. கண்ணாடி இறங்கியது. ஒரு கை வெளியே நீண்டது, கட்டைவிரல் உயர்ந்தது.

லொரெல் விரலைப் பார்க்கவில்லை. கண்களைப் பார்த்தாள். இரண்டும் திறந்திருந்தன. இது அளக்கிற விரல் இல்லை.

கடைசிப் பிள்ளை வாசலுக்குள் போய்விட்டது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. "மிஸ், எல்லாரும் வந்துட்டோம்!" என்று வேலிக்குள்ளிருந்து ஒரு சிறுமி கத்தினாள். லொரெல் கம்பை உயர்த்திப் பிடித்தபடி, மோவாயைக் கொஞ்சம் தூக்கி, ஒரு முழங்காலை லேசாக மடித்து, மூக்கில் உட்கார்ந்த ஈயைக்கூட விரட்டாமல், அசையாமல் நின்றாள்.