விதைநெல் முளைக்காத நவராத்திரி

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஒருவர் வாசலிலும் போய் நிற்காமல் வளர்த்தேன். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது, எழுத்துக் கோணலாகத்தான் வரும். வரட்டும். இது என் நடுமகளைப் பற்றியது. அவளுடைய புருஷனுக்காக எழுதுகிறேன்.

கொழும்பு வெள்ளவத்தையில், ஒரு அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் அவர்கள் வீடு. நவராத்திரிக்குக் கும்பத்தைச் சுற்றி மண் பரப்பி நெல் விதைப்போம். விஜயதசமிக்குள் முளை பச்சையாக நிமிர்ந்துவிடும். போன வருடம் மகள் நோய் வருத்தம் முற்றிப் படுக்கையில் கிடந்தாள்.

"முளையைப் பாத்தனெண்டால் எழும்பிடுவன் அம்மா" என்றாள்.

புறக்கோட்டைக் கடையொன்றில் வாங்கிய விதைநெல் மழை ஈரத்தில் பிசுபிசுத்தது. மொட்டைமாடிச் சீமெந்தில் காயவிட்டேன். பூஞ்சணம் பிடித்துவிடும் என்ற பயத்தில், கலகலவென்று சத்தம் போடும்வரை அள்ளவேயில்லை. ஒரு பின்னேரம் வானம் கறுத்தது. மருமகன் மேலே ஓடி நெல்லை அள்ளிக் கட்டினார். லிஃப்ட் பழுது, அவருக்கோ முழங்கால் நோவு. மூட்டையோடு படியிறங்க ஏலாமல் மேலேயிருந்து கத்தினார்:

"மாமி, தள்ளி நில்லுங்கோ! நெல்லு லிஃப்ட் இல்லாமலே வருது!"

உள்ளேயிருந்து மகள் கத்தினாள்: "இஞ்சேருங்கோ, அம்மாவின்ர தலையில போட்டிடாதேங்கோ! பிறகு ஆர் புட்டு அவிக்கிறது?"

மூட்டை முற்றத்துச் சீமெந்தில் தொப்பென்று விழுந்தது. எல்லோரும் சிரித்தோம். அதற்குப் பிறகு அவள் சிரித்து நான் கேட்கவில்லை.

விதைத்தோம். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளிறிய முளை. மற்றதெல்லாம் மண்ணுக்குள் அழுகியது. மீதி நெல்லை எடுத்துக்கொண்டு நானும் மருமகனும் கடைக்குப் போனோம். முதலாளி ஒரு மணியை உரித்துக் காட்டினார். குறுக்கே மயிரிழை போல வெடிப்பு.

"ஈரமா அடிபட்டா நெல்லு நசுங்கும் அம்மா. கூடுதலாக் காஞ்சு அடிபட்டா உள்ளுக்கு வெடிக்கும். மேலால பாத்தா ஒண்டும் தெரியாது. எங்கயாச்சும் விழுந்திச்சா?"

"நான்தான் எறிஞ்சனான்" என்றார் மருமகன்.

புது நெல் வாங்கி விதைத்தோம். அது முளைக்க முன்னமே என் பிள்ளை போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவர் என் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. அந்த எறிதான் அவளைக் கொன்றது என்று நினைத்துக்கொண்டு, சோற்றைப் பிசைந்தபடியே இருக்கிறார்.

தம்பி, வெடித்தது நெல். அளவுக்கு மிஞ்சிக் காயவிட்டவள் நான், போட்டது நீங்கள். அது நெல்லோடு முடிந்த கதை. அவளை அந்த வருத்தம்தான் கொண்டுபோனது. டொக்டர் முன்னமே நம் இருவரையும் இருத்திவைத்துச் சொன்னார். நீங்கள் காதில் வாங்கவில்லை. பெற்ற எனக்கு வயிறு எரிகிறது. ஆனாலும் உங்கள்மேல் எரியவில்லை. ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டேன். உங்களையும் கொடுக்க என்னால் ஏலாது.

என் பேத்தி ராசாத்தி, அம்மம்மா எழுதினதை எடுத்து ஒருக்கால் வாசி. கொஞ்சம் உரத்து வாசி. அப்பா ஹாலில்தான் இருக்கிறார்.