நான்கு மாதத்தில் நின்றவன்

என் மூத்த மகன் நான்கு மாதத்தில் நின்றான். கமக்கட்டுக்குள் கை கொடுத்துத் தூக்கிப் பாயில் விட்டால் போதும், இரண்டு காலையும் விறைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்பான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி எடுத்த எங்கள் குடியேற்றத்தில் அப்படி வேறு பிள்ளை இல்லை. பக்கத்துக் காணிக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பாள்.

"எங்கையடி உன்ரை பொலிஸ்காரன்? ஒருக்கா நிப்பாட்டு பாப்பம்."

நிப்பாட்டிக் காட்டுவேன். இரண்டு நாள் நோவில் கிடந்து, நீலம் பாரித்துப் பெற்ற பிள்ளை. பிறந்ததும் அழவில்லை. அரசாங்க மருத்துவமாதுதான் முதுகில் தட்டித் தட்டி அழவைத்தவ. மிசி என்று கூப்பிடுவோம். அதனால் அவ சைக்கிளில் வந்தபோது அவவுக்கும் ஆசையோடு காட்டினேன்.

மிசி சிரிக்கவில்லை. குனிந்து அவன் குதிக்காலைத் தொட்டுப் பார்த்தா.

"இது பலமில்லை தங்கச்சி, விறைப்பு. குதி நிலத்திலை படேல்லை. கால் ரண்டும் பின்னுது. கையும் பொத்தினபடி. இனி இவனை நிப்பாட்டக் கூடாது."

"உங்களுக்கு எத்தினை பிள்ளையள், மிசி?" என்று கேட்டேன். அவ கலியாணம் கட்டாதவ என்று தெரிந்துதான் கேட்டேன்.

"என்னைப் பிறகு ஏசலாம். முதல்லை பிள்ளையைத் தாரும்."

மடியில் கிடத்தி, முழங்காலை வயிற்றுப் பக்கமாக மடித்து, மெல்ல மெல்ல அகட்டினா. அவன் வீறிட்டான். அவ அவசரப்படவில்லை. கனநேரம் செல்ல கால் இளகியது. பொத்திய கை விரிந்தது. அப்படியே தூக்கி இடுப்பில் வைத்தா. என் இடுப்பில் ஒருநாளும் இருக்காத பிள்ளை, அவவின் இடுப்பில் இரண்டு பக்கமும் கால் போட்டு இருந்தான்.

"பால் குடுக்கேக்கை, குளிப்பாட்டேக்கை, எந்த நேரமும் இப்பிடிச் செய்யும். கொழும்பு ஆசுப்பத்திரியிலை பிள்ளையள் வாட்டிலை பாத்துப் பழகினனான். முழுக்க மாறும் எண்டு சொல்லமாட்டன். ஆனா இப்ப கால் சொல்லுக் கேக்கும். பிந்தினால் கேக்காது."

இரண்டு நாள் செய்தேன். அவன் கத்திய கத்தலில் பக்கத்துக் காணிக்காரி ஓடிவந்தாள். "நல்லா நிண்ட பிள்ளையை ஏனடி முறிக்கிறாய்?" அது எனக்கு வேண்டிய சொல்லாக இருந்தது. விட்டுவிட்டேன். வயலால் திரும்பி வந்த என் மனிசனுக்கு, மிசி வந்ததையே சொல்லவில்லை. வாய்க்கால் வரம்பில் சைக்கிள் தெரிந்தால் கதவைச் சாத்துவேன். "பிள்ளை நித்திரை, மிசி." மூன்று தரம் அப்படி அனுப்பினேன். பிறகு அவவுக்கு வேறு ஊருக்கு மாற்றம் வந்தது.

ஒன்றரை வயதிலும் அவன் எழும்பி இருக்கவில்லை. வவுனியாவுக்கு பஸ்ஸில் கொண்டுபோனோம். டாக்குத்தர் காலைப் பிரித்துப் பார்த்தார். பிரியவில்லை.

"சின்னனிலையே பயிற்சி செய்திருக்க வேணும். ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"இல்லை ஐயா, ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார் இவர்.

நான் பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டபடி நின்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் செய்தேன். எண்ணெய் பூசி, மடித்து, அகட்டி, மிசி செய்தபடியே. இவர் பார்த்துவிட்டு, "உனக்கு ஆர் இதெல்லாம் காட்டித் தந்தது?" என்று ஒருநாள் கேட்டார். "நானாச் செய்யிறன்" என்றேன். கால் ஒரு விரலளவுகூட இளகவில்லை.

ஒன்பதாம் வயதில் சளிக்காய்ச்சலில் போய்விட்டான். கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்ட வந்தவர் துணித்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஒரு கால் மற்றக் காலுக்கு மேலே கிடந்தது.

"நேராக வருகுதில்லையம்மா."

"இழுக்காதையுங்கோ. கிடக்கிறபடியே கட்டுங்கோ" என்றேன்.