பிளேன் முனாப்

லேத்தில் கடைந்து முடித்த இரும்பைக் கட்டையில் கிடத்திவிட்டு, முனாப் ஆற அமரத் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்துவிடுவார். காத்து நிற்கிறவனுக்கு வயிறு எரியும். சூட்டில் இரும்பு விரிந்து நின்று பொய் சொல்லும், ஆறியபிறகுதான் அளக்கவேண்டும் என்பது அவர் கட்சி.

வளைகுடாவில் விமான உதிரிப்பாகத் தொழிற்சாலையொன்றில் பல வருடம் இரவு வேலை பார்த்த மனிதர். கல்முனைக்குத் திரும்பிச் சொந்தமாக லேத் மெசின் போட்டபிறகும் பகலில்தான் நித்திரை. பகலில் அரிசி ஆலைகள் கரண்டை இழுத்துவிடுவதால் மெசின் திணறும். ஊர் படுத்தபிறகே சீராக ஓடும். ‘பிளேன் முனாப்’ என்று ஊரார் கிண்டலுக்கு வைத்த பெயர், மனைவி ஹாஜறாவுக்கு மட்டும் பட்டம். "ஓம், பிளேன் முனாப்ட பொஞ்சாதிதான்" என்று தலை நிமிர்த்தியே சொல்வாள்.

போன கிழமை அவளுடைய தம்பி ஜெமீல், போட் எஞ்சினின் சாப்ட் தண்டு முறிந்துபோய் ஓடிவந்தான். சூரை மீன் படுகிற காலம். விடியுமுன் கடலில் இறங்காவிட்டால் அன்றைய பாடு போச்சு. அவன் பக்கத்தில் நின்று நச்சரித்த நச்சரிப்பில், முனாபே சூட்டோடு அளந்து ஒரு மயிரிழை கூடுதலாகச் சீவிவிட்டார். ஆறியதும் சாப்ட் இளைத்துக் கிடந்தது. வேறொன்று கடையவேண்டும், விடிந்துவிடும் என்றார்.

மயிரிழைக்கு என்ன வந்துவிடும், இது ஆகாயத்திலா பறக்கப்போகிறது என்று ஜெமீல் கத்தினான்.

"ஆகாயத்துல முறிஞ்சாலும் நடுக்கடல்ல முறிஞ்சாலும் எறங்கி நிக்க நிலம் இல்ல, மச்சான்."

பழுதான சாமானை யாரும் கொண்டுபோய்ப் பூட்டிவிடாதபடி அந்த இடத்திலேயே இரண்டாக அறுத்துவிடுவது விமானத் தொழிற்சாலை வழக்கம். இங்கேயும் முனாப் அதை விட்டதில்லை. ஆனால் அன்று இரும்பறுக்கும் வாளை எடுத்த கை தயங்கியது. லேத் நிற்பதே ஹாஜறாவுக்குச் சீதனமாக வந்த வளவுக் காணியில். பெண் வீட்டுப் பகை லேசுப்பட்டதா?

ஜெமீல், பட்டறை வாசலில் நின்ற அக்காவிடம் திரும்பினான். "ராத்தா, நீ சொல்லு. அத என்ட கையில தரச் சொல்லு."

தம்பி வெறுங்கையோடுதான் கரைக்குப் போகவேண்டிவரும் என்பது ஹாஜறாவுக்குத் தெரியும். சாப்டை இடுக்கியில் வைத்து இறுக்கினாள். புருஷன் கையிலிருந்த வாளை வாங்கித் தானே அறுக்கத் தொடங்கினாள்.