தூக்கிய கை

எங்கள் வீட்டுக்காரருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டுவதுதான் பிழைப்பு என்றபோது என் பிறந்த வீட்டில் ஒருத்தரும் நம்பவில்லை. ஓட்டினால் யார் கூலி கொடுப்பார்கள் என்று அப்பா கேட்டார். நாகர்கோவிலில் ஒரு ஒர்க்‌ஷாப் முதலாளி கொடுத்தார். பந்தயம் வந்தால் ஓட்டம், மற்ற நாளில் பஸ் எஞ்சினைக் கழற்றி மாட்டும் வேலை. எங்கள் ஊர்கள் தமிழ்நாட்டோடு சேருவதற்கு நாலைந்து வருஷம் முந்தைய கதை இது. எஸ்டேட்டுக்காரர்களும் ஒர்க்‌ஷாப் முதலாளிகளும் மாட்டுவண்டிப் பந்தயம் அலுத்துப்போய் இதில் இறங்கியிருந்தார்கள். ஜெயித்தால் பேர் முதலாளிக்கு, விழுந்தால் அடி ஓட்டினவனுக்கு.

அவருக்குச் சரியான போட்டி என்று ஒருத்தன்தான் இருந்தான். மார்த்தாண்டத்துக்காரன், அங்கே வேறொரு ஒர்க்‌ஷாப்புக்காக ஓட்டினவன். வயதில் இளையவன். இவரை அண்ணன் என்பான், என்னை மைனி என்பான். ஜெயித்தாலும் தோற்றாலும் எங்கள் வீட்டுக்கு வந்து மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் தின்றுவிட்டுத்தான் பஸ் ஏறுவான். தோற்ற அன்றைக்கு ஒரு பங்கு கூடுதலாகத் தின்பான். அண்ணனை ரோட்டில் ஜெயிக்க முடியவில்லை, அடுக்களையிலாவது ஜெயிக்கிறேன் என்பான். அவன் வந்தால் வீடு கலகலப்பாக இருக்கும். எனக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளைகள் கிடையாது. அந்தக் குறையை அவன்தான் தீர்த்தான்.

ஓட்டுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அன்றைய ரோடெல்லாம் ஒரே புழுதி. முன்னால் என்ன கிடக்கிறது என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. அதனால் மாட்டையோ குழியையோ கண்டால் முன்னால் போகிறவன் இடது கையைத் தூக்கிக் காட்டுவான். பின்னால் வருகிறவன் வேகத்தைக் குறைத்துக்கொள்வான். அதை வைத்து ஒருத்தனும் ஏமாற்றுவதில்லை. ஏமாற்றினவன் என்று பேர் வந்துவிட்டால் அவனோடு சேர்ந்து ஓட ஆள் கிடைக்காது. பிறகு அவன் பிழைப்பு அவ்வளவுதான்.

இவர்கள் இரண்டு பேரும் ஒழுங்காகத்தான் இருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான் ஒழுங்காக இல்லை. கிழக்கே ஒரு கட்சி, மேற்கே ஒரு கட்சி, சாயாக்கடைகளில் அடிதடி. சைக்கிளைக்கூட உருட்டத் தெரியாதவர்கள் எல்லாம் மோட்டார் சைக்கிளைப் பற்றி நியாயம் பேசினார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தப் பேச்சு ஏறி ஏறி, கடைசி இரண்டு பந்தயத்துக்கு அவன் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. நான் முணுமுணுத்தேன். முதலாளி விட்டிருக்கமாட்டார் என்று இவர் அவனுக்காகப் பரிந்து பேசினார்.

அதற்கடுத்த பந்தயம் மாசியில், கும்பப்பூ நெல் அறுப்புச் சமயத்தில் நடந்தது. நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வரை போய்த் திரும்ப வேண்டும். அறுப்புக் காலத்தில் தோவாளைப் பக்கம் ரோட்டில்தான் வைக்கோல் உலர்த்துவார்கள். அன்றைக்குப் போடக் கூடாது என்று முந்தின நாளே தமுக்கடித்துச் சொல்லியிருந்தார்கள். ஒரு வயல்காரர் சொன்னபடியே காத்திருந்திருக்கிறார். மோட்டார்கள் எல்லாம் கடந்து போனதும், இனிக் கவலையில்லை என்று ஈர வைக்கோலை ரோட்டை அடைத்து விரித்துவிட்டார். போனவர்கள் அதே வழியில் திரும்பி வருவார்கள் என்பது பாவம் அவருக்குத் தோன்றவில்லை.

திரும்பும்போது இவர் முன்னால், அவன் கொஞ்சம் பின்னால். மற்றவர்கள் வெகு தூரத்தில் வந்தார்கள். இவர் வைக்கோலைக் கண்டதும் கையைத் தூக்கினார், வேகத்தைக் குறைத்து ஓரமாக ஊர்ந்து தாண்டினார். அவன் குறைக்கவில்லை. வண்டி சறுக்கி, கால் அடியில் மாட்டி, ஓடைப் பாலத்தின் கலுங்குச் சுவரில் போய் மோதியது. எஞ்சின் சத்தத்தில் இவர் காதில் ஒன்றும் விழவில்லை. எல்லையைத் தொட்டு, கழுத்தில் மாலை விழுந்த பிறகுதான் சேதி வந்தது. மாலையை அறுத்தெறிந்துவிட்டு வந்த வழியே திரும்பி ஓட்டினார். அதற்குள் அவனை மாட்டுவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே காலை எடுக்கவேண்டியதாயிற்று.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. வரப்பில் நின்று பார்த்த நாலு பேர், வைக்கோலைத் தாண்டின பிறகுதான் கையைத் தூக்கினான், ஜெயித்த திமிரில் தூக்கினான் என்றார்கள். சாயங்காலத்துக்குள் அது வளர்ந்து, வேண்டுமென்றே பையனை விழவைத்தான் என்றாகிவிட்டது. கை வைக்கோலுக்கு முன்னால் தூக்கப்பட்டதா, தாண்டின பின்னால் தூக்கப்பட்டதா என்று சொல்லக்கூடியவன் ஒருத்தன்தான். அவன் கட்டிலில் கிடந்தான். இவர் மூன்று தடவை போய்ப் பார்த்தார். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டானாம்.

அடுத்த பந்தயத்தில் இவரோடு ஓட ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. முதலாளி ஒன்றும் திட்டவில்லை. வண்டியை வேறொருவனிடம் கொடுத்துவிட்டு, இவரை முழு நேரமும் பஸ் எஞ்சினுக்கு அனுப்பிவிட்டார். ஜெயித்துக் கொண்டுவந்த வெள்ளிக் கோப்பைகள் முதலாளி வீட்டு அலமாரியில் இருந்தன. எங்களுக்கென்று இருந்தது பேர் ஒன்றுதான். அதுவும் போயிற்று.

"நீங்க வாயைத் திறந்து சொல்லப்பிடாதா?" என்று நான் சண்டை போட்டேன்.

"என்னத்தச் சொல்ல? நான் கை காட்டினேன், அவன் நிறுத்தல்லன்னா? காலு போய்க் கிடக்கவன் மேல குத்தம் சொல்லச் சொல்லுதியா?"

அதற்கு மேல் அவர் சொன்னதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். புழுதியில் அவன் கையைக் காணவில்லை. கண்டிருந்தால் நின்றிருப்பான். இதை எத்தனை தரம் சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. கிரீஸ் கையோடு வந்து உட்காரும்போது சொல்வார், சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார். ஊர்க்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும்போது அந்த ஒரு நினைப்பில்தான் அவர் நிமிர்ந்து நடந்தார்.

எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. இரண்டு வருஷம் கழித்து, போகாதே என்று அவர் சொல்லச் சொல்ல, நான் மார்த்தாண்டத்துக்குப் பஸ் ஏறினேன். அவன் காணவில்லை என்றால், காணவில்லை என்றாவது நாலு பேர் முன்னால் சொல்லட்டும் என்பதுதான் என் எண்ணம். அவன் ஒரு சைக்கிள் கடையில் தரையில் உட்கார்ந்து டியூப் ஒட்டிக்கொண்டிருந்தான். கட்டைக்காலைப் பக்கத்தில் கழற்றி வைத்திருந்தான். என்னைக் கண்டதும் டியூபைக் கீழே வைத்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்கவேண்டும் என்று போனவள் அந்த முகத்தைப் பார்த்தேன். புழுதியில் நீ காணவில்லைதானே என்று மட்டும் கேட்டேன்.

"கண்டேன் மைனி. நல்லாக் கண்டேன். வைக்கோலுக்கு வெகு முன்னாலயே அண்ணன் கையைத் தூக்கினாரு."

பிறகு ஏன் நிற்கவில்லை என்று கேட்டேன்.

"சும்மா கையைக் காட்டி உன்னப் பதுங்க வச்சிட்டு அவன் பறந்திருவான்னு எல்லாவனும் காதுல ஓதிட்டே இருந்தானுவ. அன்னைக்கு நானும் அப்படித்தான் நெனச்சேன்."

அவன் அழுதான். நானும்தான். பிறகு அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மைனி சொன்னால் இன்றைக்கே கூட வருகிறேன் என்றான். அண்ணன் காலைப் பிடித்து நடந்ததைச் சொல்கிறேன், ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று ஊரறியச் சொல்கிறேன் என்றான். கட்டைக்காலை எடுத்து வாரைக் கட்டவும் தொடங்கிவிட்டான்.

நான் அதற்காகத்தான் போயிருந்தேன். வாயைத் திறக்கவைக்கத்தான் அவ்வளவு தூரம் போனேன். ஆனால் அவன் கட்டிக்கொண்டிருந்தபோது, இவர் அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. பேர் திரும்பி வரும். அதோடு, அண்ணன் ஏமாற்றுவார் என்று நினைத்தேன் என்ற சொல்லும் வரும்.

"வேண்டாம். நீ ஒண்ணும் சொல்லாண்டாம்," என்றேன்.

அவன் வாரைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான். நான் எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்தபோது இவர் கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். இல்லை. வாசலிலேயே நின்றிருந்தார். காலைக் கழுவக்கூட விடவில்லை.

"கண்டானாமா?" என்று கேட்டார்.

"புழுதியில ஒண்ணும் தெரியல்லியாம்."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் அன்னைக்கே சொன்னேம்லா," என்றார்.