தடி பட்ட கிளையில் ஒரு கூடு

காட்டுப் பாதையில் தடியால் தட்டிக்கொண்டுதான் நடப்பேன். பாம்பு இருந்தால் விலகிப் போகட்டும் என்ற ஊர்ப் பழக்கம். லண்டனில், மிச்சம் என்ற பகுதியின் புல்வெளியில் மகள் பறவை பார்க்கத் தொடங்கியபோது, தனியே விட மனமில்லாமல் நானும் போனேன். அங்கே தடிக்குப் பதில் குடை.

"அப்பா, நீங்கள் வந்தா லண்டன் புறாகூட நிக்காது" என்பாள்.

அவளுக்குப் பதினேழு வயது. பரீட்சை முடிந்ததும் ஒரு கிழமை டிரினிடாட் தீவுக்குப் போனோம். அவள் அந்தத் தீவின் பறவைகளைப் படித்துக்கொண்டு வந்தாள். நான் பாம்புகளை.

மூன்றாம் நாள் காலை, விடுதிக்குப் பின்னாலுள்ள காட்டில் நான் முன்னே நடந்தேன். பாதையின் குறுக்கே ஒரு கிளை, நிறையச் சிலந்தி வலையோடு தாழ்ந்து கிடந்தது. அவள் முகத்தில் படாமலிருக்கத் தடியை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். ஷேவர் மெஷின் ஓடுவதுபோல ஒரு சத்தம். பெருவிரல் அளவு பச்சைப் பறவை ஒன்று என் மூக்குக்கு நேரே அந்தரத்தில் நின்றது. பிறகு காணவில்லை.

"அசையாதேங்கோ! ஹம்மிங்பேர்ட்!"

கிளையில் ஒட்டியிருந்த பாசிக் கட்டி என்று நான் நினைத்தது அதன் கூடு. சாறு பிழியும் தேசிக்காயில் பாதி அளவுதான். ஒரு பக்கம் சரிந்திருந்தது. உள்ளே, கோப்பிக் கொட்டைபோல இரண்டு வெள்ளை முட்டைகள்.

"சிலந்தி வலையாலதான் அது கூட்டை ஒட்டி வைக்கிறது" என்றாள். நான் அடித்தது அந்த வலையைத்தான்.

"நேராக்கி விடுறன்."

"தொடாதேங்கோ! செய்தது காணும்."

"அப்ப அது வரட்டும், பாத்திட்டுப் போவம்."

"நீங்கள் நிக்கிற வரைக்கும் வராது."

"முட்டை குளிர்ந்திடுமெல்லே?"

"அதுக்குத்தான் சொல்லுறன், பின்னுக்கு வாங்கோ."

ஐந்து அடி பின்வாங்கினேன். "இன்னும்" என்றாள். பத்து அடி. "இன்னும், அப்பா."

பிள்ளைக்கு ஒன்றென்றால் பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் முதல் ஆளாகப் போய் நிற்பவன் நான். அது எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை. உடைத்துவிட்டு விலகி நிற்பது தெரியாத வேலை. அவள் என் சட்டையைப் பிடித்து ஒரு பெருமரத்தின் பின்னே இழுத்துப் போனாள், பைனாகுலரைத் தந்தாள். கண்ணாடிக்குள் கூடு மேலும் கீழும் ஆடியது.

"என்ர தோளில வைச்சுப் பாருங்கோ."

பறவை வந்தது. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விட்டது. எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. திரும்பவும் வந்தது, இம்முறை உட்கார்ந்தது. சரிந்த பக்கத்துக்குக் கழுத்தை நீட்டி, தொங்கிய வலை நூலை அலகால் இழுத்து விளிம்பில் சுற்றத் தொடங்கியது.

"திருத்துது, அப்பா" என்றாள். அவள் தோள் நடுங்கியதை அப்போதுதான் உணர்ந்தேன்.

இதை லண்டனில் இருந்து எழுதும்போதும் அந்தத் தட்டு என் மணிக்கட்டில் இருக்கிறது. இரண்டு அங்குலம் இப்பால் பட்டிருந்தால் எல்லாம் நிலத்தில்.

தீவில் மறுநாள் காலை, "ஒருக்கால் எட்டிப் பாத்திட்டு வருவமே?" என்று கேட்டேன்.

"வேண்டாம்."

அவள் குளிக்கப் போனாள். நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போனேன். சிறிது நேரம் காட்டைப் பார்த்தபடி நின்றேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினேன்.