தம்பிக்குக் கொடுக்காத பந்து

யார்க்‌ஷயரின் சுரங்க ஊரான ஃபெதர்ஸ்டனில் வில்ஃப் ஆட்ஸ்லி பத்து வருடமாக ரக்பி லீக் ஆடிவந்தான். முட்டி மோதி மூக்கை உடைத்துக்கொண்டது அவன். கைதட்டலெல்லாம் ஓரத்தில் ஓடும் தம்பி கிளமுக்கு. கிளமைத் தன் அணிக்கு எடுக்கலாமா என்று பார்க்க சிட்னி அணிக்காரர் ஒருவர் வந்திருந்த அன்று, கடைசி நிமிடத்தில் பந்து வில்ஃபிடம் இருந்தது.

"அண்ணே, இங்க குடு! என்னைத் தடுக்க யாருமே இல்ல!" என்று கிளம் கத்தினான்.

வில்ஃப் காதில் விழாததுபோல, தன்னைப் பிடித்த இருவரையும் இழுத்துக்கொண்டே போய், எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தோடு விழுந்து புள்ளி எடுத்தான். அணி ஜெயித்தது. கிளம் ஓடிவந்து கட்டிக்கொண்டான்.

"நல்லவேளை நீ குடுக்கல. ஈரப் பந்து, நான் நழுவ விட்டிருப்பேன்."

அந்தப் பெருந்தன்மைதான் வில்ஃபை எரித்தது. சிட்னிக்காரர் கிளமைத்தான் அழைத்துப் போனார். அதன் பிறகு மதுக்கடையில் யாராவது கிளம் பேச்சை எடுத்தால், வில்ஃப் பாதி பீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான்.