அம்மா கேட்ட பங்கு

எண்பதுகள் முடிந்து தொண்ணூறுகள் தொடங்கிய சமயத்தில் எங்கள் வீட்டில் நடந்ததை வரிசைப்படுத்த எனக்கு உதவுவது பள்ளிக்கூடம்தான். நான்காம் வகுப்புக் காலாண்டுத் தேர்வின்போது மாமா மதுரைக்கு மெஷினுக்குப் போக ஆரம்பித்திருந்தார். ஐந்தாம் வகுப்புக்குப் பள்ளி திறந்த வாரம் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். இடைப்பட்ட மாதங்களைப் பற்றி வீட்டில் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். ஐப்பசி மழை ஏமாற்றிய வருஷம் என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போவார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் அதை வைத்து ஒரு வருஷத்தை அடையாளம் கண்டுபிடித்துவிட முடியாது.

மாமா என்பது அம்மாவின் அண்ணன். அம்மாவுக்கு உடன்பிறந்தவர் அவர் ஒருவர்தான். நரிக்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் மானாவாரி நிலமும் கொஞ்சம் ஆடுகளுமாக இருந்தார். நாங்கள் அருப்புக்கோட்டையில் இருந்தோம். அப்பா தறி ஓட்டினார். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போன பிறகு மாமா வாரம் இருமுறை மதுரைக்குப் போய் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. கிராமத்திலிருந்து ஒரே மூச்சில் போய்வர உடம்பு தாங்காது. அதனால் முதல் நாள் சாயங்காலமே அத்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்து தங்கி, காலையில் பஸ் பிடிப்பார்.

தங்கை வீட்டுக்கு வெறுங்கையோடு வரக்கூடாது என்பது அவருடைய சட்டம். கால் வீங்கிச் செருப்பு நுழையாமல், செருப்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறவர், இன்னொரு கையில் ஒரு சீப்பு வாழைப்பழமோ காராச்சேவுப் பொட்டலமோ வைத்திருப்பார். இரண்டுமே டாக்டர் அவரைத் தொடக்கூடாது என்று சொன்னவை. நானும் தம்பியும் தின்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

தண்ணீருக்கும் அளவு இருந்தது. வெயிலில் வந்தவருக்குச் செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் எங்கள் ஊரில் பேச்சே தொடங்கும். அம்மா சின்ன டம்ளரில் பாதி கொடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விடுவாள்.

"குழாயில தண்ணி வருதாத்தா?" என்று மாமா உள்ளே பார்த்துக் கேட்பார்.

"எங்கண்ணே. வந்து நாலு நாளாச்சு."

"அப்பச் சரி. எனக்குப் போட்ட அளவைத்தான் ஊருக்கே போட்டிருக்கான்."

மாற்றுச் சிறுநீரகத்துக்காக அவர் காத்திருந்தார். வெளியாள் ஒருவரை ஏற்பாடு செய்வதாக மதுரையில் யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த முகம் தெரியாத ஆளை நம்பி ஒரு பொங்கலும் ஒரு சிவராத்திரியும் போயின. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த மதுரைக்காரர், பிறகு அதைச் சொல்வதற்குக்கூட வரவில்லை. காத்திருப்பதில் ஒரு பரபரப்பு இருக்கும் என்று கதைகளில் படித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அலுப்புதான் இருந்தது. பஸ், பாய், பாதி டம்ளர் தண்ணீர், மறுபடியும் பஸ். அத்தை உட்கார்ந்த இடத்தில் தூங்கப் பழகியிருந்தாள்.

அத்தையின் ரத்தம் மாமாவுக்குச் சேரவில்லை. அம்மாவுடையது சேர்ந்தது. சும்மா பார்த்து வைப்போமே என்று அத்தைதான் அம்மாவைப் பரிசோதனைக்கு அழைத்துப்போயிருந்தாள். விஷயம் தெரிந்ததும் மாமா இரண்டு பேரோடும் பேச்சை நிறுத்திக்கொண்டார். ஒரு மாதம் போல யோசித்துத் தானும் சம்மதித்துவிட்ட அப்பா, ஒரு நாள் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக ஆரம்பித்தார்.

"ஏன் மச்சான், அவதான் தாரேங்கிறால்ல?"

"மாப்பிள்ளை, இது தங்கச்சிக்குக் கொடுத்த கை. ஒரு பொங்கச் சீரு தவறுனதில்ல. இப்ப அவகிட்டப் போயி ஏந்தச் சொல்றீகளா? அதுக்கு மண்ணுக்குள்ள போயிரலாம்."

"போங்க," என்றாள் அத்தை, தூங்குகிறாள் என்று நாங்கள் நினைத்திருந்த மூலையிலிருந்து. "ஆடுகள எனக்குத் துணைக்கு விட்டுட்டுப் போங்க."

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கம் அண்ணன் கொடுப்பவன், தங்கை வாங்குபவள். பொங்கலுக்கு, பிள்ளை பிறந்தால், காது குத்தினால், வீடு கட்டினால் என்று அவன் சாகும்வரை கொடுத்துக்கொண்டே இருப்பான். அதற்குப் பதிலாகத் தங்கை ஒன்று செய்ய வேண்டும்: நிலத்தில் பங்கு கேட்கக்கூடாது. கேட்டவள் வாங்கிக்கொண்டு போகலாம். அதோடு பிறந்த வீட்டுப் போக்குவரத்து முடிந்தது. அப்படிக் கேட்ட ஒருத்தியைப் பற்றி எங்கள் தெருவில் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள்.

பங்குனி பிறந்தபோது மாமாவின் கையில் ஊசி ஏற்றும் இடம் கெட்டுவிட்டது. வேறு இடம் பார்த்துக் குத்தினார்கள். இப்படியே ரொம்ப நாள் ஓட்ட முடியாது என்று டாக்டர் அத்தையிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அன்று மதுரையிலிருந்து திரும்பி வந்து பாயில் விழுந்தவருக்கு நான் விசிறிக்கொண்டிருந்தேன். அடுக்களையிலிருந்து அம்மா ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"அண்ணே, வடக்குக் காட்டுல எனக்குப் பங்கு வேணும்."

வடக்குக் காடு என்பது மாமாவின் நிலம். மானாவாரி நிலத்தை எங்கள் பக்கம் காடு என்போம். நான் விசிறுவதை நிறுத்திவிட்டேன்.

"என்னது?" அத்தை எழுந்து உட்கார்ந்தாள். "கேக்குற நேரமா இது? அவுக கெடக்குற கெடையப் பாரு."

"இப்பக் கேக்காம எப்பக் கேக்க மதினி? அவுக போனப்பெறகு ஒங்ககிட்ட வந்தா கேக்க முடியும்?"

"ஏய், கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு?" என்றார் அப்பா. அவரிடமும் அவள் சொல்லியிருக்கவில்லை.

மாமா மட்டும் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பளம் மாதிரி உப்பியிருந்த அந்த முகத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எந்தப் பக்கம் வேணும்?" என்றார் கடைசியில்.

"ஓடைப் பக்கம்."

"அது வெறும் கருவேல முள்ளுல்ல."

"எனக்கு அது போதும். ஆனா சும்மா எழுதித் தர வேண்டாம். நான் தர்றத வாங்கிக்கிட்டு எழுதித் தாங்க."

மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தோம். வெகுநேரம் கழித்து, சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "மொத பத்திரம் முடியட்டும். அதுக்கப்புறந்தேன் ஆஸ்பத்திரி."

"முடியட்டும்," என்றாள் அம்மா. அடுப்பில் சோறு பொங்குகிறதா என்று பார்க்கப் போய்விட்டாள்.

சித்திரை வெயிலில் திருச்சுழியில் பத்திரம் பதிவானது. மாமாவை இரண்டு பக்கமும் தாங்கி நடத்திப் போனார்கள். தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தாராம். பத்திரம் எழுதுபவரிடம் அம்மா ஓடைப் பக்கம் என்று சொல்ல, மாமா குறுக்கிட்டு, கரிசல் மண் உள்ள கிழக்குப் பாதியை எழுதச் சொன்னார். வரும் வழியெல்லாம் மாமா தெம்பாகப் பேசிக்கொண்டு வந்தார் என்றும், அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை என்றும் அப்பா சொன்னார்.

செய்தி அவர்களுக்கு முன்பே அருப்புக்கோட்டைக்கு வந்து சேர்ந்திருந்தது.

ஆப்பரேஷன் நடந்த அன்று என்னையும் தம்பியையும் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். எதிர்ப் பலசரக்குக் கடைப் பாயிடம்தான் தெருவிலேயே ஒரே போன் இருந்தது. சாயங்காலம் அவர் கல்லாவை விட்டிறங்கித் தெருவின் நடுவில் நின்று கத்தினார்.

"ஏ புள்ளே! ஒங்க மாமா ஒண்ணுக்கு இருந்துட்டாராம்! ஒங்கப்பா போன்ல பேசுனாரு! நல்லாப் போகுதாம்!"

ஒரு மனிதர் ஒண்ணுக்குப் போனதற்காகத் தெருவே வாசலுக்கு வந்து சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். யாரோ தம்பியின் வாயில் சர்க்கரை போட்டார்கள்.

"எங்கம்மா?" என்று கேட்டேன்.

பாய் கொஞ்சம் திகைத்தார். "அம்மாவுக்கென்ன, நல்லாத்தேன் இருப்பாக. நான் கேக்கல தாயி," என்றார். வேறு யாரும் கேட்கவில்லை.

அம்மா ஆனி மாதம் வீட்டுக்கு வந்தாள். விலாவில் தொடங்கி முன்பக்கம்வரை வந்த நீளமான தையல். இருமும்போது அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வாள். குடம் தூக்கக்கூடாது என்பதால் குழாயடிக்கு நான் போனேன். மாமாவின் உடம்பு புதிய சிறுநீரகத்தைத் தள்ளாமல் ஏற்க வேண்டும் என்பதற்காகப் பலமான மாத்திரைகள் கொடுத்தார்கள். அவருக்குத் தொற்று வரக்கூடாது என்று மதுரையிலேயே ஒரு அறை எடுத்து வைத்திருந்தார்கள். ஒரு முறை காய்ச்சல் வந்து, மறுபடி படுக்கையில் சேர்த்து, மருந்தைக் கூட்டிச் சரிப்படுத்தினார்கள். அந்த வாரம் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு அம்மாவின் மேல் இரக்கம் வர வேண்டிய நேரம் அது. குழாயடி அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"ஏ புள்ள, ஒங்காத்தாகிட்ட இன்னொரு கிட்னி இருக்குல்ல? அதுக்கு எந்தக் காடாம்?" என்று கேட்டாள் ஒருத்தி. வரிசை முழுக்கச் சிரித்தது.

குடத்தை இறக்கி வைத்துவிட்டு அம்மாவிடம் போய் அழுதேன்.

"நெலத்த ஏம்மா கேட்ட?"

"வேணும்னுதேன் கேட்டேன்."

"எல்லாரும் கேலி பண்றாக."

"பண்ணட்டும். ஒங்க மாமா காதுலயும் விழட்டும்." அதைச் சொல்லிவிட்டு ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள். மாமாவின் காதில் விழ வேண்டும் என்று ஏன் விரும்பினாள் என்று எனக்குப் புரியவில்லை. வெட்கமில்லாதவள் என்று மட்டும் நினைத்தேன்.

புரட்டாசியில், என் காலாண்டு விடுமுறையில், மாமா ஊர் திரும்பினார். நானும் அம்மாவும் பார்க்கப் போனோம். முகத்தில் துணி கட்டி, வேப்பமர நிழலில் தனியாக உட்கார்ந்திருந்தார். வீக்கமெல்லாம் வடிந்து, கன்னம் மட்டும் மருந்தில் உருண்டிருந்தது. பக்கத்தில் செம்பு நிறையத் தண்ணீர்.

"வாங்க பங்காளி," என்றாள் அத்தை அம்மாவைப் பார்த்து. சொத்தில் பங்குள்ள ஆண் உறவுக்காரர்களைச் சொல்லும் சொல் அது. நாத்தனாரை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. தண்ணீரையும் கையில் கொடுக்காமல் முக்காலியில் வைத்தாள்.

"கெழக்கே மழை விழுந்திருச்சு போல மதினி," என்றாள் அம்மா. "ஒங்க பக்கத்த வெதைக்கயில எனக்கும் சேத்து வெதச்சுருங்க."

மாமா எழுந்துவிட்டார். யார் தடுத்தும் கேட்காமல், துணி கட்டிய வாயோடு வடக்குக் காட்டுக்கு எங்களைக் கூட்டிப்போனார். பிறகு அவர் மெல்ல மெல்ல எல்லைக் கல் கல்லாக நடந்து காட்டினார்.

"இந்தா, இந்தப் பனையிலருந்து அந்தக் கல்லு வரைக்கும் ஒன்னுது. நல்ல மண்ணு பாத்துக்க. ஒங்கண்ணன் ஒனக்கு முள்ளுக் காட்டத் தருவான்னு நெனச்சியா?"

"நெனைக்கலண்ணே."

"ஊரே பேசிக்குது, நான் ஒங்கிட்டச் சும்மா வாங்கலைன்னு."

"பேசட்டும்ணே."

மாமா சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். ஒரு நிலத்தை இழந்த மனிதர் எதற்காக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறார் என்று எனக்கு வியப்பாக இருந்தது. அம்மா ஒவ்வொரு கல்லாகத் தொட்டுப் பார்த்தாள். பேராசைக்காரர்கள் அப்படித்தான் தொட்டுப் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நிலத்தில் அதன் பிறகு அம்மா ஒரு நாளும் கால் வைக்கவில்லை. விளைந்ததையெல்லாம் அத்தைதான் அறுத்தாள். மாமா அந்தச் சிறுநீரகத்தோடு என் கல்யாணம்வரை இருந்தார். மேடையில் தாய்மாமன் சீரைத் தன் கையாலேயே எடுத்து வைத்தார். இதெல்லாம் பிற்பாடு நடந்தவை.

அன்று சாயங்காலம் திருச்சுழி வழியாக வந்த பஸ்ஸில், ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து அம்மா உட்கார்ந்த கணமே தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை விலாவில் இருந்தது. பஸ் தூக்கிப்போட்டபோதும் விழிக்கவில்லை. கேட்டது கிடைத்தவளின் தூக்கம் என்று எண்ணி, கோபத்தோடு தள்ளி உட்கார்ந்துகொண்டேன். நான் நினைத்தது சரிதான். அவள் என்ன கேட்டாள் என்பதுதான் அன்று எனக்குத் தெரியவில்லை.